காதுக்கு மூன்று கொட்டேஷன்

ஒரு பொருளை வாங்குவதற்கு முன்னால் விலை கேட்பது தப்பா? நீங்களே சொல்லுங்கள். கத்தரிக்காய் வாங்குகிறீர்கள். கிலோ என்ன விலை என்று கேட்கிறீர்கள். சொத்தை இருந்தால் மாற்றித் தருவாயா என்றும் கேட்கிறீர்கள். உங்களைப் பார்த்து யாராவது சிரிக்கிறார்களா? என்னைப் பார்த்து அயனம்பாக்கமே சிரிக்கிறது. ஏரிக்கரையில் துணி துவைக்கிற பெண்கள், நான் சைக்கிளில் போனால், துவைப்பதை நிறுத்திவிட்டுச் சிரிக்கிறார்கள். என் பக்கத்து நியாயத்தை இதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை. அதனால் நானே சொல்கிறேன்.

என் பெயர் ராயப்பன். ஆவடி ஃபாக்டரியில் பர்ச்சேஸ் செக்‌ஷனில் பத்தொன்பது வருட சர்வீஸ். எங்கள் செக்‌ஷனில் குண்டூசி வாங்குவதாக இருந்தாலும் மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்க வேண்டும். மூன்றையும் ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டு, பக்கத்தில் பக்கத்தில் எழுத வேண்டும். அதற்குப் பெயர் கம்பேரட்டிவ் ஸ்டேட்மென்ட். எவன் குறைச்சலோ அவனுக்குச் சிவப்பு மையில் டிக். அந்த டிக்கைப் போடுகிற ஆள் நான். பத்தொன்பது வருடத்தில் என்னை ஏமாற்றி ஒரு நட்டு உள்ளே நுழைந்ததில்லை. கம்பெனிக்காரர்கள் எனக்கு வைத்திருக்கிற பெயரே 'அதுல இன்னா அடக்கம்' ராயப்பன். விலை சொன்னதும் நான் கேட்கிற முதல் கேள்வி அதுதான்.

வீட்டிலும் அதே சட்டம்தான். கிறிஸ்துமஸ் துணிக்கு மூன்று கடை. கேஸ் அடுப்புக்கு மூன்று கடை. ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கு மூன்று கடை ஏறி இறங்குவதற்குள் மூன்றிலும் எலும்புதான் மிஞ்சியிருக்கும். என் மனைவி ரோஸி பதினாறு வருடமாக இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெறுமனே பார்க்கிறாள் என்றுதான் நானும் நினைத்தேன்.

இது நடந்தது எண்பத்தொன்பதாம் வருடம். அந்த வருடம் எனக்கு ஒரே ஒரு ஆசை. ஸ்கூட்டர். ஐந்து வருடத்துக்கு முன்னால் பெயர் பதிந்து வைத்திருந்தேன். அக்டோபரில் உங்கள் முறை வருகிறது, முழுப் பணத்தோடு தயாராக இருக்கவும் என்று கடுதாசி வந்துவிட்டது. பணம் போஸ்ட் ஆபீசில் தயாராக இருந்தது. அயனம்பாக்கத்திலிருந்து ஆவடிக்குச் சைக்கிள் மிதித்து மிதித்து என் முழங்கால் இரண்டும் கதவுக் கீல் போலச் சத்தம் போட ஆரம்பித்திருந்தன. ஹெல்மெட் கூட வாங்கிவிட்டேன். மூன்று கடை விசாரித்துத்தான்.

ஜூன் மாதம் முதல் ஞாயிறு. பூசை முடிந்து வந்து ரோஸி ஆரம்பித்தாள்.

"ஏங்க, அண்ணன் பொண்ணுக்கு அக்டோபர்ல கல்யாணம் வச்சிட்டாங்க. சென்னீர்குப்பத்துல."

"நல்லது. மொய் எவ்ளோ வைக்கணும்?"

"மொய் அப்புறம். நான் போட்டோவுல நிக்க மாட்டேன்."

"நிக்காத. ஓரமா உக்காந்துக்கோ."

"பொண்ணுக்கு நான் ஒருத்திதான் அத்தை. ஓரமா உக்காந்துகினு இருந்தா நல்லாவா கீது?"

சொல்லிவிட்டு இடது பக்கத்து முடியை ஒதுக்கிக் காட்டினாள். மூன்று வருடத்துக்கு முன்னால் அம்பத்தூர் பஸ் நெரிசலில் யாரோ ஒருவனுடைய குடைப்பிடி அவள் தொங்கட்டானில் மாட்டிக்கொண்டது. அவன் இறங்கினான். குடையும் இறங்கியது. காது இரண்டாகப் பிளந்துவிட்டது. ஆறிய பிறகும் அது ஒட்டவில்லை, இரண்டு துண்டாகவே நின்றது. வலது காது அறுபடவில்லை. ஆனால் கனம் தாங்கித் தாங்கி ஓட்டை நீண்டு, சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஆகியிருந்தது. அன்றிலிருந்து காதை மறைத்து முடியை இறக்கிப் பின் குத்திக்கொள்வாள். கோவிலில் கடைசி வரிசையில் நிற்பாள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"பக்கத்து ஊட்டு பேபி கீறாளே, அவ நாத்தனாருக்கு டாக்டரு தெச்சுக் குடுத்தாராம். பிளாஸ்டிக் சர்ஜரின்னு பேராம். தெச்ச இடமே தெரியல."

"இன்னா செலவு ஆச்சாம்?"

"அதான் தெரியல. நீங்க நல்லா விசாரிங்க. எல்லாம் தெரிஞ்சுகினு செய்யலாம். விசாரிக்காம எதையும் செய்யாதீங்க."

எனக்குப் புல்லரித்தது. கல்யாணம் ஆகிப் பதினாறு வருடம் கழித்து ஒரு பெண் திருந்திவிட்டாள் என்று நினைத்தேன். ஸ்கூட்டர் பணத்தில் கை வைக்காமல், அந்த மாதச் சம்பளத்துக்குள் காதை முடித்துவிட வேண்டும் என்று அன்றைக்கே சபதம் எடுத்தேன்.

முதலில் ஃபாக்டரியில் வைத்தியச் செலவாக வாங்க முடியுமா என்று விதிப் புத்தகத்தைப் புரட்டினேன். அழகுக்காகச் செய்துகொள்வதற்குப் பைசா கிடையாது என்று இருந்தது. காது பிளந்து நிற்பது அழகுக் குறையாம். விதி எழுதினவனுக்கு மனைவி இல்லை போலிருக்கிறது.

மறு சனிக்கிழமை சாயந்தரம் அம்பத்தூரில் டாக்டர் ஜேம்ஸைப் பார்த்தேன். ரோஸியை அழைத்துப் போகவில்லை. சாமானைக் கூடவே தூக்கிக்கொண்டு போய் விலை கேட்டால் ஏற்றிவிடுவார்கள்.

"ரெண்டு காதுக்கும் சேர்த்து ஐநூறு ஆகும்" என்றார்.

"அதுல இன்னா அடக்கம் டாக்டர்?"

"காது அடக்கம்."

"காது எங்களுது. உங்க சைடுல இன்னா அடக்கம்? மரத்துப்போற ஊசி உண்டா? நூல் உங்க நூலா, நாங்க வாங்கித் தரணுமா? தையல் பிரிக்கத் தனிக் காசா? மறுபடி ஓட்டை போடறது யாரு?"

"எல்லாம் பாத்துக்கலாம்."

"பாத்துக்கலாம்னு எழுத முடியாதே டாக்டர். அப்புறம் இன்னொண்ணு. ரெண்டு காதும் ஒரே நாள்ல செய்யறீங்க. கத்தி ஒரு தடவைதான் கழுவறீங்க. ரெண்டாவது காதுக்கு ஏதாவது கொறச்சுப் போடணுமே."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"பஸ் ஸ்டாண்ட் எதிர்ல ஒரு டெய்லர் இருக்கார். அவர் கொறைச்சுப் போடுவார். அங்க போய்ப் பாருங்க."

படித்தவர் பேசுகிற பேச்சா இது? ஒரு வாடிக்கையாளர் சந்தேகம் கேட்டால் பதில் சொல்வதுதானே மரியாதை. கொட்டேஷனை எழுதித் தரச் சொன்னேன். தரவில்லை. வெளியே வந்து நானே எழுதிக்கொண்டேன். ஐநூறு, அடக்கம் தெரியவில்லை, பேச்சு சரியில்லை.

இரண்டாவது பூந்தமல்லி. அங்கே டாக்டரைப் பார்க்கவே முடியவில்லை. பணம் சம்பந்தமாக எதுவானாலும் கம்பவுண்டர்தான்.

"இருநூத்தி எழுவத்தஞ்சு சார். போர்டுலயே போட்டு கீது பாருங்க."

மலிவு என்றால் எனக்கு மூக்கு நமைக்கும். பெஞ்சில் உட்கார்ந்து, பேனாவைத் திறந்தேன்.

"இது ரெண்டு காதுக்குமா?"

"ஒரு காதுக்கு சார். காதுன்னா ஒண்ணுதானே."

"சரி. ஐநூத்தி அம்பது. அப்புறம்?"

"தியேட்டர் வாடகை நூறு."

"அப்புறம்?"

"மரத்துப்போற ஊசி காதுக்கு நாப்பது. நூலு அறுவது, ஃபாரின் நூலு சார். கட்டு மாத்த மூணு தபா வரணும், தபாவுக்கு முப்பது. தையல் பிரிக்க அம்பது."

"ஓட்டை?"

"ஓட்டை எதுக்கு சார்? ஓட்டையை அடைக்கத்தானே வந்தீங்க."

"அடைச்சப்புறம் தோடு எங்கய்யா மாட்டறது?"

"அது காது குத்தறது சார். அது வேற கணக்கு. எழுவத்தஞ்சு."

கூட்டினேன். ஆயிரத்து ஐந்து ரூபாய். போர்டில் இருநூற்று எழுபத்தைந்து, பெஞ்சில் உட்கார்ந்து எழுவதற்குள் ஆயிரத்து ஐந்து. நாட்டில் போலீஸ் என்று ஒன்று இருக்கிறதா இல்லையா? எத்தனை பேர் போர்டைப் பார்த்து ஏமாந்து, காதில் பாதித் தையலோடு வீட்டுக்கு ஓடிப் பணம் கொண்டு வந்திருப்பார்கள்? எனக்கு வந்த கோபத்தில் பூந்தமல்லியிலிருந்து அயனம்பாக்கம் வரைக்கும் சைக்கிள் மிதித்ததே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து தாளை ரோஸியிடம் காட்டினேன். சர்க்கரை கடன் வாங்க வந்த பக்கத்து வீட்டு பேபியும் எட்டிப் பார்த்தாள்.

"இன்னா அண்ணாத்தே இது. பிளாஸ்டிக்குன்றாங்க, எவர்சில்வர் வெல சொல்றாங்களே."

"அதுக்குத்தாம்மா அடக்கம் கேக்கணும்ன்றது."

ரோஸி தாளை இரண்டு தடவை படித்தாள். அவள் கண்ணில் நான் அதுவரை பார்க்காத மரியாதை இருந்தது.

"பாத்தியா பேபி? வேற ஊட்டுக்காரரா இருந்தா மாட்டிகினு இருப்பாரு. ஏங்க, மூணாவது எடத்துல எல்லாத்தையும் எழுதி வாங்கிடுங்க. வாய்ப்பேச்சு ஆவாது. அவரும் கையெழுத்துப் போடணும், நீங்களும் போடணும்."

"நீ சொல்லணுமா எனக்கு?" என்றேன்.

மூன்றாவது ஆள் முகப்பேர் டாக்டர் மனோகரன். பேபியின் நாத்தனாருக்குத் தைத்தவர். இதற்கென்றே தனியாகப் படித்தவர். சாயந்தரம் மட்டும் வீட்டு முன்னறையில் பார்ப்பார். இந்தத் தடவை ரோஸியும் வந்தாள். டாக்டர் அவள் காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் தானே ஆரம்பித்தார்.

"ரெண்டு காதுக்கும் சேர்த்து அறுநூறு. ஊசி, நூல், மருந்து, கட்டு எல்லாம் அதிலேயே. ஏழாம் நாள் தையல் பிரிப்பேன். மூணு மாசம் காது சும்மா இருக்கணும். அப்புறம் நானே புது இடத்துல ஓட்டை போட்டுத் தருவேன். அதுக்கும் தனியா எதுவும் வேண்டாம்."

எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. கேட்பதற்கு ஒன்றும் மிச்சம் வைக்காமல் ஒரு மனிதர் விலை சொன்னால் எப்படி? பத்தொன்பது வருட சர்வீசுக்கு என்ன மரியாதை? யோசித்தேன். கிடைத்தது.

"மறுபடி அறுந்துட்டா?"

"லேசான தோடா போட்டா அறுக்காது."

"லேசுன்னா எவ்ளோ லேசு?"

"ஒரு கிராம், ஒன்றரை கிராம். சின்னதா கல் வச்ச தோடு. தைச்ச காதுல இனிமே கனமா எதுவும் மாட்டாம இருக்கிறது நல்லது."

ஐயா, அம்மா, இந்த இடத்தில் நான் எழுந்து டாக்டர் காலில் விழுந்திருக்க வேண்டும். அறுநூறு ரூபாயும் இரண்டு சின்னத் தோடும். காரியம் முடிந்தது. அக்டோபரில் ஸ்கூட்டர். ஆனால் எனக்கு வந்தது கோபம். ஐந்து டன் தூக்குகிற கிரேனை ரிப்பேருக்கு அனுப்புகிறோம். அது அரை டன் தூக்குகிற கிரேனாகத் திரும்பி வருகிறது. நான் கையெழுத்துப் போடுவேனா?

இதை அப்படியே டாக்டரிடம் கேட்டேன். ரோஸி தலையைக் குனிந்துகொண்டாள். புருஷனுடைய பேச்சுத் திறமையைப் பார்த்து வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன்.

"உங்க மனைவி கிரேன் இல்லையே சார்" என்றார் டாக்டர்.

"ரிப்பேர்னா ரிப்பேர்தான் டாக்டர். பழைய காது இன்னா தாங்கிச்சோ, அதே தாங்கணும்."

"என்ன தாங்கிச்சு?"

"ஒரு காதுக்குப் பத்து கிராம்."

"அவ்வளவு கரெக்டா எப்படிச் சொல்றீங்க?"

எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? ஜோடி இருபது கிராம், இரண்டரைப் பவுன். நகைக்கடைத் தராசில் என் கண்ணால் பார்த்தேன். விற்றதே நான்தான். ரோஸியின் அம்மா கல்யாணத்துக்குப் போட்ட தொங்கட்டான் அது. ஃபாக்டரி ஸ்டோரில் உபயோகமில்லாத பொருள் கிடந்தால் ஏலம் விடுவோம். காது அறுந்த பிறகு தொங்கட்டானுக்கு வீட்டில் என்ன வேலை? நாலாயிரம் ரூபாய் வந்தது. ஸ்கூட்டருக்காகப் போஸ்ட் ஆபீசில் போட்டேன். அன்றைக்கு ரோஸி ஒன்றும் பேசவில்லை. ஆட்சேபணை இல்லை என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் செக்‌ஷனில் பதினைந்து நாளுக்குள் பதில் வராவிட்டால் சம்மதம் என்றுதான் அர்த்தம்.

டாக்டர் யோசித்தார். "பத்து கிராம் தாங்கணும்னா வேற மாதிரி தைக்கணும். வேலை கூட. தொள்ளாயிரம் ஆகும். ஆனா நான் சின்னத் தோடுதான் சொல்வேன். அனாவசியமா ஏன் முன்னூறு கூடக் குடுக்கிறீங்க?"

"கேரண்டி குடுப்பீங்களா?"

"ஒரு வருஷம் குடுக்கறேன். அறுந்தா சும்மா தைச்சுத் தரேன்."

ரோஸி என் சட்டையை மெதுவாக இழுத்தாள். "ஏங்க, ஆயுசுக்கும் கேளுங்க" என்று காதருகே சொன்னாள்.

நியாயமான யோசனை. ஆயுசுக்கும் என்றேன். டாக்டர் சிரித்துவிட்டு, சரி, எழுதுங்க என்றார். பையிலிருந்து தாளை எடுத்து ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டு என் கையாலேயே எழுதினேன். விலை, அடக்கம், எடை, கேரண்டி. எழுதும்போதே டாக்டர் கேட்டார்.

"ஓட்டை போட்டதும் எடையை மாட்டிச் சோதிச்சுக் காட்டணுமே. எடை யார் கொண்டு வரது?"

"நாங்கதான். ஃபாக்டரியிலயும் டெஸ்ட் லோடு எப்பவும் நாங்கதான் குடுப்போம். நீங்க கொண்டு வந்தா அது பத்து கிராம்தான்னு நான் எப்படி நம்பறது?"

"கவரிங், பித்தளை எதுவும் புது ஓட்டைக்கு ஆகாது. புண் வைக்கும். தங்கமா இருக்கணும்."

"தங்கம்" என்று எழுதினேன்.

"அதை மாட்டியிருக்கிற நாளுக்குத்தான் கேரண்டி. கழட்டிட்டா என் பொறுப்பு இல்ல. சும்மா விட்டா ஓட்டையே தூர்ந்து போயிடும்."

அதையும் எழுதினேன். நீங்கள் என்னை முட்டாள் என்று நினைப்பது தெரிகிறது. நானும் யோசிக்காமல் எழுதவில்லை. பேபியிடம் கனமான ஜிமிக்கி இருக்கிறது. ஒரு நாள் இரவல் வாங்கி, டாக்டர் முன்னால் மாட்டிக் காட்டிவிட்டு, மறுநாள் சின்னத் தோடு போட்டுக்கொண்டால் போயிற்று. கேரண்டித் தாள் பெட்டியில் பத்திரமாக இருக்கும். இந்தத் திட்டத்தோடுதான் கையெழுத்துப் போட்டேன். டாக்டரும் போட்டார். சாட்சியாக ரோஸி போட்டாள். என் கையெழுத்தை விட அவள் கையெழுத்து அழகாக இருந்தது.

ஜூன் கடைசியில் தைத்தார்கள். முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. ஏழாம் நாள் தையல் பிரித்தார். தழும்பு இருக்கிற இடத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் தேட வேண்டியிருந்தது. வேலையில் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ரோஸி முடியை இழுத்துப் பின்னினாள். கோவிலில் மூன்றாவது வரிசைக்கு வந்தாள். போகிற வருகிற பெண்களிடமெல்லாம் என் தாளைப் பற்றிச் சொன்னாள். எங்க ஊட்டுக்காரரு டாக்டர்கிட்டயே ஆயுசுக்கும் கேரண்டி வாங்கிட்டாரு என்று. நானும் தலை நிமிர்ந்து நடந்தேன்.

செப்டம்பர் கடைசி வாரம் ஓட்டை போடுகிற நாள் வந்தது. அதற்கு முந்தின சாயந்தரம் பேபி வீட்டுக்குப் போனேன்.

"இன்னா அண்ணாத்தே, டீ குடிக்கிறீங்களா?"

"டீ வேணாம்மா. உன் ஜிமிக்கி ஒரு நாளைக்கு வேணும். காலைல வாங்கிகினு சாயந்தரம் குடுத்துடறேன்."

"யாருக்கு, உங்களுக்கா?"

"ரோஸிக்கும்மா. டெஸ்ட்டுக்கு."

"புதுக் காதுல அடுத்தவங்க நகைய மாட்டினா சீழ் கட்டிக்கும் அண்ணாத்தே. ரோஸிதான் சொல்லிச்சு. எங்க ஊட்டுக்காரரு வந்து கேப்பாரு, குடுத்துடாத பேபின்னு."

நான் கேட்கப் போவது ரோஸிக்கு எப்படித் தெரியும்? நான் அதை என் தலையணையிடம் கூடச் சொல்லவில்லை. வேகமாக வீட்டுக்குள் நுழைந்தேன். ரோஸி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு ஒரு கிராம் தோடு வாங்கிப் போட்டுக்கோ. அதான் டாக்டரே சொன்னாரு."

"டாக்டர் சொன்னாரு. நீங்கதான் ஒத்துக்கல. அஞ்சு டன் கிரேனுன்னீங்க."

"அது வெல பேசறதுக்குச் சொன்னது."

"அப்போ கூடக் குடுத்த முன்னூறு ரூபா? ஒரு கிராம் மாட்டறதுக்கு எதுக்குங்க பத்து கிராம் தையலு? நஷ்டமில்லியா?"

இது என்னைச் சரியான இடத்தில் குத்தியது. தேவைக்கு மேல் தரம் கேட்டு வாங்குவது எங்கள் செக்‌ஷனில் பெரிய குற்றம். மெமோ கொடுப்பார்கள். இருந்தாலும் சமாளித்தேன்.

"சரி. கல்யாணம் வரைக்கும் பத்து கிராம்ல கவரிங் போட்டுக்கோ."

"கவரிங் ஆவாதுன்னு உங்க கையெழுத்துலயே கீதுங்க. ஆறாவது நம்பரு."

"ஏன்டி, உனக்கு ஸ்கூட்டர் வேணாமா? பின்னால உக்காந்து வேளாங்கண்ணி வரைக்கும் போலாம்னு சொன்னேனே, அது வேணாமா?"

ரோஸி முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஸ்கூட்டர்ல போனா காத்துல முடி பறக்கும்ங்க. மூணு வருசமா பஸ்ஸுல கூட ஜன்னலோரம் உக்காரல நான். எங்கம்மா போட்டத நீங்க வித்துட்டு வந்து, ரசீதை என் கையில குடுத்து பத்திரமா வையின்னீங்க. வச்சிகினுதான் கீறேன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. நியாயம் எதிர்ப்பக்கம் இருந்தால் மனிதனுக்குக் கோபம் வராமல் வேறு என்ன வரும்? நாலாயிரத்துக்கு விற்றதை இன்றைக்கு ஏழாயிரம், எட்டாயிரம் கொடுத்து வாங்க வேண்டும். அக்டோபரில் என் முறை வரும், வந்து போய்விடும். அந்த ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? இதையெல்லாம் கத்தினேன். கடைசியில் என்னிடம் இருந்த ஒரே ஆயுதத்தை எடுத்தேன்.

"நகைன்னா ஓடிப்போய் வாங்கிட முடியுமா? செய்கூலி விசாரிக்கணும், சேதாரம் விசாரிக்கணும். மூணு கொட்டேஷன் இல்லாம இந்த ஊட்டுக்குள்ள குண்டூசி கூட வராது. தெரியுமில்ல?"

"தெரியும்ங்க" என்றாள்.

எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு தாளைக் கொண்டு வந்து விரித்தாள். பெரிய தாள். ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருந்தது. தலைப்பில் கம்பேரட்டிவ் ஸ்டேட்மென்ட் என்று முத்து முத்தாக எழுதியிருந்தது. ஆவடியில் ஒரு கடை, அம்பத்தூரில் ஒரு கடை, பூந்தமல்லியில் ஒரு கடை. தங்கத்துக்கு, வாங்குகிற அன்றைக்கு உள்ள விலை. செய்கூலி தனி, சேதாரம் தனி. திருகாணி அடக்கமா, இல்லையா. பழசாகிக் கொடுத்தால் எவ்வளவு கழிப்பார்கள். எடை என்ற கட்டத்தில் ஒரு காதுக்குப் பத்து கிராம். தேவைக்குக் காரணம் என்ற கட்டத்தில், 'முன்பு இருந்த பொருளுக்குப் பதில்'. முன்பு இருந்த பொருள் என்ன ஆயிற்று என்ற கட்டத்தில், 'வீட்டுக்காரர் விற்று ஸ்கூட்டருக்குப் போட்டார், ரசீது இணைக்கப்பட்டுள்ளது'. ரசீது இணைக்கப்பட்டிருந்தது.

அரை மணி நேரம் தப்புத் தேடினேன். பத்தொன்பது வருடத்தில் என் கைக்கு இவ்வளவு சுத்தமான ஒரு தாள் வந்ததில்லை. கடைசியில் மேல் மூலையில் தேதியைப் பார்த்தேன். மே இருபது. கல்யாணத்தைப் பற்றி அவள் என்னிடம் வாயைத் திறப்பதற்கே இரண்டு வாரம் முன்னால்.

"டிக் போடற எடத்தை மட்டும் விட்டு வச்சிகீறேன். அது உங்க வேலைன்னு" என்று சொல்லி, சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றிக் கொடுத்தாள்.

விதிப்படி எல்லாம் சரியாக இருந்தது. டிக் போட்டேன். குறைச்சல் விலைக்காரர் பூந்தமல்லியில் இருந்தார். மறுநாள் காலை போஸ்ட் ஆபீசில் பணத்தை எடுத்துக்கொண்டு, ரோஸியைப் பின்னால் உட்கார வைத்து, சைக்கிளில்தான் போனேன்.